ஆடாத துள்ளுகட்டில்

மேல ஊதுகுளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நேரில் பார்க்காமல் ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. நான் நேரில் பார்த்தவன். ஆகவே எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

என் ஊர் கீழ ஊதுகுளம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு குளம், கரையெல்லாம் காற்றாலைகள். மேற்கே மலை பிளந்து வழிவிடுகிற இடத்துக்கு நேர் எதிரே நாங்கள் குடியிருப்பதால், ஆடி பிறந்துவிட்டால் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. மேல ஊதுகுளத்தில் காலையில் காயப்போட்ட வேட்டி மத்தியானம் எங்கள் ஊர் வேலியில் கிடக்கும். இதற்காகச் சண்டை வந்ததே இல்லை. வந்து விழுந்த துணிகளை எங்கள் ஊர்ப் பெண்கள் மடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வருவார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம்.

துணி வரைக்கும் சரி. போன ஆடியில் என் கத்தரித் தோட்டத்தில் வந்து இறங்கியது துணி அல்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் மேல ஊதுகுளத்து நாலு தாய்மாமன்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூத்தவர் ஆவுடையப்பன். அந்த வீட்டில் யோசிக்கிற பொறுப்பு அவருடையது. அடுத்தவர் குத்தாலிங்கம், அண்ணன் யோசித்ததில் சந்தேகம் கேட்பார். மூன்றாமவர் பிச்சையா, சந்தேகம் தீர்வதற்குள் வேலையை முடித்திருப்பார். கடைக்குட்டி சொரிமுத்து ஆறடி ஆள். தூக்கச் சொன்னால் தூக்குவார், எதற்கு என்று கேட்க மாட்டார். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே தங்கை கோமதி. சென்னையில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய ஒரே மகள் மிருதுளாவுக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. அதில் பிள்ளையின் மேல் குற்றம் எதுவும் இல்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். முதல் தடவை கோயிலில் வைத்து ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "பிள்ளைய அசையாமப் பிடிங்க" என்றார். ஊசியைப் பார்த்த ஆவுடையப்பன் பிள்ளையோடு எழுந்து ஓடிவிட்டார். பிள்ளை அழவில்லை, மாமன்தான் அழுதார். இரண்டாவது தடவை நாலு பேரும் சேர்ந்து பிடிப்பது என்று முடிவாயிற்று. நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தார்கள். பிள்ளை ஆசாரியின் விரலைக் கடித்துவிட்டுப் போய் சப்பரத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டது. மாமன்கள் கண்ணைத் திறந்தபோது நாலு பேருமாக ஆசாரியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோமதியின் மாமியார் சும்மா இருப்பாளா? "நாலு தாய்மாமன் இருந்து என்னத்துக்கு? எம் பேத்தி மூளிக்காதோட நிக்கா. இந்த ஆடியில அம்மன் கோயில் கொடைக்கும் குத்தலைன்னா, மெட்ராசுல கடைக்குக் கூட்டிட்டுப் போயி துப்பாக்கியால டப்பு டப்புன்னு குத்திருவேன். மாமனும் வேண்டாம், மடியும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வார்த்தை ஆவுடையப்பனைச் சுட்டுவிட்டது. தாய்மாமன் இருக்கும்போது மருமகளுக்குக் கடையில் காது குத்துவதா? அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மறுநாள் பிள்ளையிடமே போனில் கேட்டார்.

"மிருதும்மா, மாமா மடியில உக்காந்து காது குத்திக்கிட ஒனக்கு என்ன வேணும், கேளு."

"டிராம்போலின். உங்க வீட்டுக்குப் பின்னாடி போடணும். நான் அதுல குதிக்கணும். குதிச்சாத்தான் காது தருவேன்."

அப்படித்தான் அந்தச் சாமான் மேல ஊதுகுளத்துக்கு வந்தது. ஊரில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையாததால் துள்ளுகட்டில் என்று பெயர் வைத்தார்கள். வட்டமாக ஓர் இரும்புச் சட்டம், சுற்றிலும் ஸ்பிரிங், நடுவில் விறைப்பாக ஒரு கறுப்புத் துணி, கீழே நாலு கால். நாகர்கோவிலில் இருந்து வண்டியில் கொண்டுவந்தவர் அதைப் பின்கட்டில் பூட்டிக் கொடுத்துவிட்டு, மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தக் காத்துக்கு இது பறந்துரும். நல்ல கனமான சாமானாப் பாத்து சேத்துக் கட்டிப் போடுங்க."

அவர் போனதும் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"நம்ம வீட்டுலயே கனமான சாமான் எதுலே?" என்றார் ஆவுடையப்பன்.

"ஆட்டுரலு" என்றார் குத்தாலிங்கம். "ஆனா அதுதான் கனம்னு எப்பிடிச் சொல்லுதது?"

"ஆட்டுரலைச் சொரிமுத்து தூக்கிருவான்" என்றார் பிச்சையா. "எருமையத் தூக்குவானா?"

பார்த்துவிடுவோம் என்று சொரிமுத்து தொழுவத்துக்குப் போனார். திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டு வந்தார். எருமைதான் கனம் என்று தீர்மானமாயிற்று. துள்ளுகட்டிலின் ஒரு காலையும் எருமையின் கழுத்தையும் சேர்த்து நல்ல தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார்கள். காற்று அடித்தது. கட்டில் அசையவில்லை. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் எருமைக்குக் குளத்துக்குப் போகிற நேரம். அது என்றைக்கும் போல எழுந்து, என்றைக்கும் போல நடந்தது. பின்கட்டு வேலி, இரண்டு வாழை, துணி காயப்போடும் கொடி எல்லாம் கட்டிலோடு சேர்ந்து போயின. அக்கரையில் நின்று பார்த்த நான், கொடைக்கு முன்னமே சப்பரத்தை இழுக்கிறார்களோ என்று கும்பிட்டுவிட்டேன்.

ஆவுடையப்பனின் மனைவி சண்முகவடிவு மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, கட்டில் குளத்துக்குள்ள கெடக்கு."

"கெடக்கட்டும். காத்தா கொண்டு போச்சு? எருமைல்லா கொண்டு போச்சு. காத்தை நாம ஜெயிச்சிட்டோம்."

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்று நாகர்கோவிலுக்குப் போன் போட்டார்கள். அந்த மனிதர், "அண்ணாச்சி, நகராத சாமானாப் பாத்துக் கட்டணும். இல்லாட்டி மணல் மூட்டையாவது வைங்க" என்றார்.

மறுபடியும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"நம்ம ஊருல நகராத சாமான் எது?"

"தண்ணிக் குழாய் கேட்டு பஞ்சாயத்துல நாம குடுத்த மனு" என்றார் பிச்சையா. "எத்தன வருசமாச்சு, இருந்த எடத்த விட்டு அசையல."

"அசையலதான்" என்றார் குத்தாலிங்கம். "ஆனா அது மேசைக்குள்ள இருக்கு. கயிறு எட்டுமா?"

கயிறு எட்டாது என்பதால், குளத்தில் கிடந்த கட்டிலைப் பின்கட்டுக்கு இழுத்துவந்து போட்டுவிட்டு மணல் மூட்டைக்கு மாறினார்கள். பிச்சையா சைக்கிளில் ஆற்றுக்குப் போய் நாலு சாக்கு நிறைய மணல் அள்ளினார். வரும் வழி மேடு. சைக்கிள் மிதிபடவில்லை. இளைப்பாற நின்ற இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு வந்ததில், வீடு வந்து சேரும்போது சைக்கிள் பறந்து வந்தது. சாக்கும் பறந்தது.

"மூட்டை வந்துட்டு, மணல் எங்கலே?" என்றார் ஆவுடையப்பன்.

"சாக்கைத்தான பத்திரமாக் கொண்டு வரணும் அண்ணாச்சி? மணல் எங்கயும் கெடைக்கும்."

வீட்டில் மணல் கிடைக்கவில்லை. தலையணைக்கு வைத்திருந்த இலவம்பஞ்சு கிடைத்தது. மணல் என்றால் பிள்ளைக்கு உறுத்தும், பஞ்சு மெத்தென்று இருக்கும் என்று பிச்சையா விளக்கினார். யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. நாலு காலிலும் நாலு பஞ்சு மூட்டையைக் கட்டியானதும் குத்தாலிங்கம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"கனம் கொஞ்சம் காணாதோ?"

"அப்ப சொரிமுத்து மேல ஏறிப் படுக்கட்டும்" என்றார் ஆவுடையப்பன்.

சொரிமுத்து ஏறிப் படுத்தார். குறை சொல்லக் கூடாது, அவர் படுத்திருந்த வரைக்கும் கட்டில் இருந்த இடத்தில்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் சண்முகவடிவு அடுக்களையில் இருந்து, "சாப்பிட வாங்க கொழுந்தனாரே" என்று கூப்பிட்டாள். அவர் இறங்கி வந்து ஒரு வாய் வைத்தார். வெளியே படார் என்று ஒரு சத்தம் கேட்டது.

"இறங்கி ஒரு நிமிசம்கூட ஆகல மைனி" என்று சொரிமுத்து சோற்றுக் கையோடு நின்று அழுதார். "காத்து எங்கயோ ஒளிஞ்சிருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்திருக்கு."

அப்படிப் பறந்துவந்துதான் அது குளத்தைத் தாண்டி என் கத்தரித் தோட்டத்தில் இறங்கியது. காய்க்கிற பருவத்துச் செடிகள். அவற்றின் மேல் நாலு பஞ்சு மூட்டையோடு பெரிய கறுப்பு வட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் வழக்கப்படி மடிக்க வந்தார்கள். இந்தப் பக்கம் மடித்துப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் மடித்துப் பார்த்தார்கள். "இது என்ன துணியோ, இஸ்திரி ரொம்ப விறைப்பா இருக்கு" என்று விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே சேர்ந்து தூக்கிக்கொண்டு போனோம். என் செடிகளுக்கு நியாயம் கேட்கலாம் என்று நானும் போனேன். போன இடத்தில் காப்பி கொடுத்தார்கள். காப்பி நன்றாக இருந்தது. அப்படியே தங்கிவிட்டேன்.

"வெளங்குத ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்று சண்முகவடிவு கத்தியதால் கொத்தனார் மாசானம் வந்தார். அவர் விவரமானவர். கட்டிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாலு குழி தோண்டி, காலை எறக்கி, காங்கிரீட்டு போட்டுருவோம். கொடை நேரம், எம் ஆளுக ஒருத்தனும் வரமாட்டான். நீங்களே செய்ங்க. சீக்கிரமா இறுகுத சிமெண்டு தாரேன். எம் ஆளுக பூட்ஸு நாலு சோடி தாரேன். கலவை காலுல பட்டாப் புண்ணாக்கிரும், அதனால சோலி முடியிற வரைக்கும் பூட்ஸைக் கழத்தப்பிடாது. இன்னொண்ணு, கட்டில் ஆடப்பிடாது, அசையப்பிடாது. அவ்வளவுதான்."

நான் அவர்களைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே செய்தார்கள். குழி சரியான ஆழம், கலவை சரியான பதம், நாலு காலும் நேராக இறங்கின. பூட்ஸை ராத்திரி தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. பொழுது விடிந்தபோது காங்கிரீட் பாறையாக இறுகியிருந்தது. அத்தோடு விட்டிருந்தால் இது நாலு புத்திசாலிகளின் கதையாக முடிந்திருக்கும். உங்களுக்கும் வேறு வேலை பார்க்கப் போக நேரம் கிடைத்திருக்கும்.

ஆனால் பிச்சையா சரிபார்க்கிறேன் என்று ஏறி ஒரு குதி குதித்தார். துணி அவரை மேலே எறிந்தது. மேலே இருந்தபடியே கூவினார்.

"அண்ணாச்சி! அசையுது!"

நாலு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆவுடையப்பன் குனிந்து ஒவ்வொரு காலாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"காலு அசையல."

"துணி அசையுதே."

"துணி கட்டில்ல சேத்தியா, இல்லையா?" என்றார் குத்தாலிங்கம்.

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தார். "துணி இல்லாட்டி அது கட்டிலே இல்ல. அப்பம் துணி அசைஞ்சாக் கட்டில் அசையுதுன்னுதான் அர்த்தம். கொத்தனாரு என்ன சொன்னாரு?"

"அசையப்பிடாதுன்னாரு" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, துணி அசைஞ்சாத்தான பிள்ள குதிக்க முடியும்?" என்றேன்.

குத்தாலிங்கம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீரு கத்தரிக்காய்க்காரரு. ஒமக்கு இந்தச் சோலியில அனுபவம் கெடையாது, வே."

எங்கே யார் என்ன யோசனை சொன்னாலும் முதலில் அவன் என்ன பயிர் வைக்கிறான் என்று பார்ப்பது மேல ஊதுகுளத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

தொழுவத்துச் சுவரை இடித்தார்கள். செங்கலையும் கல்லையும் துணிக்கு அடியில் துணி தொடும் மட்டும் திணித்து, இடுக்கெல்லாம் கலவையை ஊற்றினார்கள். பிச்சையா ஏறிக் குதித்தார். இம்மி அசைந்தது. ஸ்பிரிங்கில்தான் வினை இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்குள்ளும் சிமெண்டு அப்பினார்கள். பிறகு மேலேயும் நல்ல கனமாக ஒரு பூச்சு. "வழவழன்னு பூசுலே, பிள்ள காலு நோவப்பிடாது" என்று ஆவுடையப்பன் பாசத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தார். பூச்சு இறுகியதும் பிச்சையா கடைசித் தடவையாகக் குதித்தார். அவர் பல்லோடு பல் மோதிய சத்தம் தெருவுக்கே கேட்டது. கட்டில் அசையவில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

பஞ்சாயத்துத் தலைவரே வந்து பார்த்தார். கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பள்ளிக்கூடம்கூட இவ்வளவு உறுதியா இல்லையேய்யா" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பள்ளிக்கூடத்தைக் கட்டியது அவருடைய மச்சினன்தான்.

கொடைக்கு முந்தின நாள் காலையில் கோமதி வந்து இறங்கினாள். மாமியாரும் வந்தாள். மிருதுளா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே பின்கட்டுக்கு ஓடினாள். ஏறினாள். கையை வீசி, கண்ணை மூடி, ஆசையாக ஒரு குதி குதித்தாள்.

தொப்.

கண்ணைத் திறந்தாள். இன்னொரு தடவை குதித்தாள். குனிந்து தட்டிப் பார்த்தாள்.

"பெரிய மாமா, இது ஏன் என்னைத் தூக்கிப் போடல?"

"ஆடாதும்மா! அசையாதும்மா! ஆன ஏறுனாலும் ஒண்ணும் ஆவாது!"

பிள்ளையின் உதடு பிதுங்கியது. மேலே இருந்தபடியே இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், பேரம் முறிந்துவிட்டது. மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். கோமதி, "ஏன் அண்ணே இப்பிடிப் பண்ணுனீய?" என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட ஆவுடையப்பன் தாங்கியிருப்பார். பூட்ஸ் காலோடு தொழுவம் இருந்த இடத்தில் போய் எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் கத்தரிச் செடிகளை மறந்து எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் சொரிமுத்து வாயைத் திறந்தார். அவர் அதுவரை யோசனை என்று ஒன்றைச் சொன்னதே கிடையாது.

"அண்ணாச்சி, கட்டில்தான அசையப்பிடாது? நாம அசையலாம்லா?"

வீட்டுக்குள் போய்ப் பெரிய ஜமுக்காளத்தை எடுத்துவந்தார். நாலு மூலையையும் நாலு மாமன்கள் பிடித்தார்கள். பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, "ஏலேலோ" என்று ஒரு சுண்டு சுண்டினார்கள். மிருதுளா கூரை உயரத்துக்குப் போனாள். விழுந்தாள். மறுபடி போனாள். அவள் சிரித்த சிரிப்பில் அந்த வீட்டுக்கே உயிர் வந்தது. சண்முகவடிவுகூட வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதோடு காற்று வந்தது. ஜமுக்காளம் உப்பியது. நாலு மாமன்களும் பிடியை விடாமல் வாழைத் தோப்பு, வைக்கோல்போர் என்று தாண்டி ஓடிப்போய்க் குளத்தங்கரையில் நின்றார்கள். நடுவில் இருந்த பிள்ளை, "இன்னொரு தடவை, மாமா!" என்றாள். கோமதி போட்ட கூச்சலை மட்டும் நான் இங்கே எழுத மாட்டேன்.

நாலு பேரும் திரும்பி வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"குத்தம் ஜமுக்காளத்து மேல இல்ல. நம்ம மேலதான். நம்மளக் காத்துக்குக் கட்டாம விட்டுட்டோம்."

"எருமைல கட்டுவமா?" என்றார் சொரிமுத்து.

"மூதி, அது நடக்கும்லா? பட்டும் ஒனக்குப் புத்தி வரல. கொத்தனார் என்ன சொல்லிக் குடுத்தாரு?"

நாலு குழி தோண்டினார்கள். ஆளுக்கொரு குழியில் பூட்ஸோடு இறங்கினார்கள். கலவையைக் குழைத்து ஊற்றச் சண்முகவடிவு மறுத்துவிட்டதால், ஒருவர் குழியில் அடுத்தவர் எட்டி எட்டி ஊற்றினார்கள். கணுக்காலுக்கு மேல், பூட்ஸின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் கலவை. "இறுகுத வரைக்கும் ஒருத்தனும் அசையப்பிடாது" என்றார் ஆவுடையப்பன். ஒருத்தனும் அசையவில்லை. ராத்திரிச் சோற்றைச் சண்முகவடிவு நாலு பேருக்கும் உருட்டி ஊட்டினாள். ஊட்டும்போது அவள் சொன்ன வார்த்தைகளை அவர்கள் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்கள்.

கொடையன்று காலையில் கலவை கல்லாகியிருந்தது. மலையில் இருந்து வந்த காற்று கோயில் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒலிபெருக்கியைக் கொண்டுபோனது. பஞ்சாயத்துத் தலைவரின் மேல்துண்டைக் கொண்டுபோனது. மாமன்கள் நாலு பேரும் வேட்டி படபடக்க நின்ற இடத்தில் நின்றார்கள். ஜமுக்காளம் விறைத்து நின்றது. மிருதுளா குதித்தாள். மத்தியானம் வரைக்கும் குதித்தாள். பிறகு இறங்கிவந்து, சொன்ன சொல் தவறாத பிள்ளை, காதில் இருந்து கையை எடுத்தாள்.

மாமனால் கோயிலுக்குப் போக முடியாததால் காதுகுத்து மாமனிடம் வந்தது. ஆவுடையப்பனுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி முன்பு கடிபட்ட விரலைத் தடவிக்கொண்டு தூரத்திலேயே நின்றார். பிறகு அம்மனை நினைத்துக்கொண்டு கிட்டே வந்து ஊசியை எடுத்தார்.

"பிள்ளைய அசையாமப் பிடிங்க."

ஊசியைப் பார்த்ததும் ஆவுடையப்பன் ஓடினார். இடுப்புக்கு மேலே நன்றாகவே ஓடினார். கால் வரவில்லை. நாற்காலியில் திரும்ப விழுந்தார். மற்ற மூன்று பேரும் ஓடினார்கள். ஒருவரும் ஒரு விரல்கடைகூட நகரவில்லை. அந்த இடைவெளியில் ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்கும் எல்லோரும் அதே மாதிரி ஓடினார்கள். அதுவும் முடிந்தது.

மிருதுளா ஒரு சொட்டு அழுதாள். பிறகு காதைத் தொட்டுப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றாள்.

மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்துவந்தாள். "ஊசியப் பாத்தும் நின்ன எடத்துல நின்னானுவளே! தாய்மாமன்னா இப்பிடில்லா நிக்கணும்" என்று ஊர் முன்னாலே சொன்னாள். ஆவுடையப்பன் தேம்பித் தேம்பி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் கண் கலங்கியது. சிமெண்டுத் தூசியாகவும் இருக்கலாம்.

எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். கிடாக் கறி மணம் அங்கிருந்தே வந்தது.

"பூட்ஸைக் கழத்திட்டு வாங்க" என்றாள் சண்முகவடிவு. "பூட்ஸுதான குழிக்குள்ள கெடக்கு? காலை உருவுனா வந்திரும். சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

நாலு பேரும் அவளை அதிர்ச்சியோடு பார்த்தார்கள்.

"சோலி முடியிற வரைக்கும் பூட்ஸைக் கழத்தப்பிடாதுன்னு கொத்தனாரு சொன்னது மறந்துபோச்சா?" என்றார் ஆவுடையப்பன்.

"அதான் முடிஞ்சிட்டே! காது குத்தியாச்சுல்லா?"

"காது முடிஞ்சிருக்கும் மைனி. காத்து முடியலையே" என்றார் குத்தாலிங்கம்.

"காத்து எப்ப முடியும்?"

"ஆடி முடிஞ்சா முடியும்" என்றார் பிச்சையா. "கறிய இங்கன கொண்டாந்திருங்க. எலும்பு கொஞ்சம் கூட வைங்க."

சண்முகவடிவு வானத்தைப் பார்த்து அம்மனிடம் ஏதோ கேட்டாள். அம்மன் பதில் சொல்லவில்லை. அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்போது மலைப் பக்கம் இருந்து ஒரு பெருங்காற்று வந்து, நாலு பேர் வேட்டியையும் ஒரே இழுப்பில் உருவி, குளத்தைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் கொண்டுபோனது. உள்ளே நாலு பேரும் அரைக்கால் சட்டை போட்டிருந்ததால் நாங்கள் யாரும் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. சொரிமுத்து போகிற வேட்டிகளையும், கீழே தம் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வாழ்க்கையில் இரண்டாவது யோசனை வந்தது.

"அண்ணாச்சி, பூட்ஸு சிமெண்டுல இருக்கு. சரி. ஆனா நாம பூட்ஸுக்குள்ள சும்மாதான நிக்கோம்? வேட்டிய உருவுன காத்து, நம்மளயும் பூட்ஸுல இருந்து உருவிட்டுப் போயிட்டா?"

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தார். பிறகு தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"வடிவு! ஏ வடிவு! கறி பொறவு கொண்டாரலாம். அந்த மூட்டையில சிமெண்டு கொஞ்சம் மிச்சம் கெடக்கும், பாரு!"